பகிர்வுச் சேமிப்பகத்தில் ஓடும் விஎம்களின் பேக்கப் விடியும் வரை நீள்வது ஏன்?

நீங்கள் எழுதியதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருள் ஓடும் மூன்று ஹோஸ்ட்கள் (சர்வர்கள்). அவற்றில் ஏறக்குறைய 40 விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள். எல்லா விஎம்களின் வட்டுகளும் என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை வழியாக ஒரே நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பகம்) பெட்டியில். அந்தப் பெட்டிக்குள் நிமிடத்துக்கு 7200 சுழற்சி கொண்ட எட்டு வட்டுகள், இரண்டு பழுதானாலும் தரவு போகாத ரெய்டு 6 அமைப்பில். எல்லாவற்றையும் இணைப்பது 1 கிகாபிட் நெட்வொர்க். இரவு 10 மணிக்குத் தொடங்கும் முழு பேக்கப், சுமார் 2 டிபி தரவைப் படித்து, சுருக்கி, அதே நாஸின் இன்னொரு ஃபோல்டரில் எழுதி முடிக்கக் காலை 10 மணி ஆகிவிடுகிறது. அதற்குள் அலுவலகம் திறந்துவிடுவதால் கணக்குப் பிரிவின் டேட்டாபேஸ் விஎம் திணறுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மாலை வரை இழுக்கிறது. 10 கிகாபிட் ஸ்விட்ச் வாங்கினால் தீருமா, அல்லது ஜாப்களை (திட்டமிட்ட பேக்கப் வேலைகளை) மேலும் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: தரவு செல்லும் பாதையில் எந்த இடத்தில் அது காத்துக் கிடக்கிறது என்பது ஒன்று; பேக்கப் ஓடும்போது விஎம் ஏன் திணறுகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு என்பதால் தனித்தனியாகவே பதில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு ஒரு சிறிய கணக்கே பாதி பதிலைத் தந்துவிடும். 1 கிகாபிட் கம்பியில் ஏட்டளவில் நொடிக்கு 125 எம்பி செல்லலாம். நடைமுறையில் 110 எம்பி அளவுக்குக் கிடைக்கும். அந்த வேகத்தில் 2 டிபியைப் படிக்க ஐந்து மணி நேரம் போதும். உங்களுக்கு ஆவதோ பன்னிரண்டு மணி நேரம். அதாவது சராசரியாக நொடிக்கு 46 எம்பிதான் வருகிறது. கம்பியில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. எழுதும் தரவு எதிர்த் திசையில் செல்வதாலும், இந்த இணைப்பு இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்கக்கூடியது என்பதாலும், வாசிப்பும் எழுத்தும் கம்பியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று சொல்லவும் வழியில்லை. பாதி காலியாக இருக்கும் சாலையை அகலப்படுத்துவதால் வண்டி வேகமாக வந்து சேராது. ஆகவே 10 கிகாபிட் ஸ்விட்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள் என்பதை ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும். ‘ஓரளவு’ என்று சொல்வதற்குக் காரணம், இது இரவு முழுவதற்குமான சராசரி. சில விஎம்கள் ஓடும்போது கம்பி நிரம்பியும், வேறு சில ஓடும்போது கிட்டத்தட்ட வெறுமையாகவும் இருக்கலாம். ஜாப் லாகைத் திறந்து ஒவ்வொரு விஎம்முக்கும் இறுதியில் வரும் வேகத்தைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு எச்சரிக்கை: லாகில் வரும் வாசிப்பு வேகம் வட்டின் காலியான பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 500 ஜிபி வட்டில் 60 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தால், வெற்றுப் பகுதியைக் கடக்கும் சில நொடிகளில் வாசிப்பு நொடிக்குப் பல ஜிபி என்று காட்டும். பக்கத்திலேயே எழுத்து வேகம் பூஜ்யத்தில் நிற்கும். அந்த வரிகளைப் பார்த்து மகிழ வேண்டாம். அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான வேகம் தெரியும்.

அப்படியானால் எங்கே காத்திருப்பு? என் கணிப்பு, வட்டுகளில். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. தேவையான இடம் வட்டைப் படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர ஏறக்குறைய 8 மில்லிநொடி. ஆக, இடம் மாறிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் 12 மில்லிநொடி போகிறது. நொடிக்கு 80 முறைக்கு மேல் முடியாது. ஒவ்வொரு முறையும் 64 கேபி படித்தால் ஒரு வட்டிலிருந்து நொடிக்கு 5 எம்பிதான் வரும், எட்டு வட்டுகளும் சேர்ந்தால் 40 எம்பி. அதே வட்டு இடம் மாறாமல் தொடர்ச்சியாகப் படித்தால், ஒன்றே நொடிக்கு 150 எம்பிக்கு மேல் தரக்கூடியது. உங்கள் 46 எம்பி இந்த இரண்டில் எதற்கு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். முன்கூட்டிப் படித்து வைக்கும் ஏற்பாடும் நினைவகக் கேஷும் இந்தக் கணக்கை ஓரளவு மாற்றும் என்பதால் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒத்துப்போவதை நான் நிரூபணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எங்கே முதலில் தேட வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

இதை நான் பணம் செலவழித்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஓர் அலுவலகத்தில் இதே நிலை. நெட்வொர்க்தான் காரணம் என்று முடிவுகட்டி, கார்டுகளும் ஸ்விட்சும் வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மாற்றினோம். பதினொரு மணி நேர பேக்கப் பத்தரை மணி நேரமானது. மறுநாள் இரவு நாஸில் நுழைந்து, வட்டுகளின் சுமையைக் காட்டும் ஐயோஸ்டாட் கட்டளையை விரிவான நிரல்களுடன் ஐந்து நொடி இடைவெளியில் ஓடவிட்டேன். எல்லா வட்டுகளுக்கும் பயன்பாட்டு விழுக்காடு 98, 99, 100 என்று நின்றது; வாசிப்புக்கான காத்திருப்பு 70 மில்லிநொடிக்குக் குறையவில்லை; வட்டு ஒன்றின் வாசிப்போ நொடிக்கு 6 எம்பி. மூன்று எண்களும் சேர்ந்து சொல்வது ஒன்றே: தலைகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன, படிப்பதற்கு நேரம் கிடைக்கவில்லை. புதிய ஸ்விட்சின் விளக்குகள் அன்றிரவு பெரும்பாலும் சும்மாவே இருந்தன. வாங்குவதற்கு முன்னால் அந்த ஐந்து நிமிட அளவீட்டைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்வதற்கு அந்த அனுபவமே காரணம். பயன்பாட்டு விழுக்காட்டைத் தனி வட்டுகளுக்கு மட்டும் நம்புங்கள். ரெய்டு தொகுதிக்கும் எஸ்எஸ்டிக்கும் அந்த எண் ஏமாற்றும், ஏனெனில் அவை ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யக்கூடியவை. உங்கள் நாஸ் உள்ளே நுழைய விடாத வகை என்றால், ஹோஸ்டில் என்எஃப்எஸ்ஐயோஸ்டாட்டை ஓட்டுங்கள். அதில் இரண்டு நேரங்கள் வரும்: கோரிக்கை கம்பியில் புறப்பட்டுப் பதில் வந்து சேரும் வரையிலான நேரம் ஒன்று, ஹோஸ்டுக்குள் வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்த மொத்த நேரம் மற்றொன்று. முதல் எண்ணே பெரிதாக இருந்தால் தாமதம் நாஸிலோ கம்பியிலோ. முதல் எண் சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருந்தால் ஹோஸ்டிலேயே நெரிசல்.

ஜாப்களைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டலாமா என்ற உங்கள் இரண்டாவது யோசனைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எல்லா விஎம்களையும் சேர்த்து ஒரே ஜாப் போட்டிருந்தாலும், பிராக்ஸ்மாக்ஸ் அதை ஒவ்வொரு ஹோஸ்டிலும் தனித்தனியாகத் தொடங்குகிறது. ஒரு ஹோஸ்டுக்குள் விஎம்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும், ஆனால் மூன்று ஹோஸ்ட்களும் ஒரே நேரத்தில் படிக்கும். ஆக இப்போதே மூன்று வாசிப்புகளும் மூன்று எழுத்துகளும் அதே எட்டு வட்டுகளின் மேல் மாறிமாறி விழுகின்றன. மூன்றை ஆறாக்கினால் தலைகளின் ஓட்டம்தான் கூடும். நேர்மாறாகச் செய்து பாருங்கள்: மூன்று ஹோஸ்ட்களுக்கும் தனித்தனி ஜாப் அமைத்து, ஒன்று முடியும் நேரத்தில் அடுத்தது தொடங்கும்படி நேரம் குறியுங்கள். சுழலும் வட்டுகளில் இதனால் மொத்த நேரம் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் குறையும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஓர் இரவில் செய்து பார்த்துவிடக்கூடிய, காசு கேட்காத சோதனை இது. எஸ்எஸ்டி வட்டுகளாக இருந்தால் நான் இதற்கு எதிரான ஆலோசனையே சொல்லியிருப்பேன், ஏனெனில் அங்கே ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் வந்தால்தான் முழு வேகம் வெளிப்படும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, படிப்பதும் எழுதுவதும் ஒரே நாஸில் நடப்பது. வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே இது கூடாது. ரெய்டு 6 அமைப்பில் ஒரு சிறிய எழுத்துக்குப் பழைய தரவையும் பழுதை மீட்க உதவும் இரண்டு சமநிலைத் (பாரிட்டி) தொகுதிகளையும் படித்து, மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு எழுத்துக்கு ஆறு வேலைகள். பேக்கப் ஃபைல் பெரிய துண்டுகளாக எழுதப்படும்போது வட்டு வரிசை முழுவதையும் ஒருசேர எழுதிவிட முடிவதால் அந்தச் சுமை பெருமளவு குறையும். ஆனால் அதே வேளையில் விஎம்கள் செய்யும் சிறு எழுத்துகளுக்கு அந்தச் சலுகை இல்லை. வேகத்தைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மின்பகுதி கருகினாலோ, ஒரு ரான்சம்வேர் அந்த ஷேருக்குள் புகுந்தாலோ, மூன்றாவது வட்டும் பழுதானாலோ விஎம்களும் அவற்றின் பேக்கப்பும் ஒரே நொடியில் போய்விடும். அதை பேக்கப் என்று கணக்கில் வைப்பது எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. ஸ்விட்சுக்காக ஒதுக்கிய பணம் இருந்தால் அதில் ஒரு தனிப் பெட்டி வாங்குங்கள். பழைய சர்வர் ஒன்று அலமாரியில் கிடந்தால் அதுவே போதும். எழுத்து முழுவதும் அங்கே போய்விட்டால், மூல நாஸின் வட்டுகள் வாசிப்பை மட்டும் கவனிக்கும்.

இனி இரண்டாவது கேள்வி: டேட்டாபேஸ் விஎம் ஏன் திணறுகிறது? வட்டு நெரிசல் ஒரு பங்கு. இன்னொரு பங்கு பேக்கப் நடைபெறும் விதத்திலேயே இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பிராக்ஸ்மாக்ஸில் ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தின் நிலையை உறையவைத்த பிரதி) முறை என்று தேர்ந்தெடுத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்முக்கு அது சேமிப்பகத்தின் ஸ்னாப்ஷாட்டை எடுப்பதில்லை. விஎம்மை இயக்கும் க்யூஎமு மென்பொருள் தானே அந்த வேலையைச் செய்கிறது. பேக்கப் தொடங்கிய கணத்தில் வட்டு எப்படி இருந்ததோ அப்படியே பிரதி எடுக்க வேண்டும் அல்லவா? ஆகவே, இன்னும் பிரதி எடுக்கப்படாத ஒரு பிளாக்கில் (வட்டின் ஒரு துண்டில்) விஎம் புதிதாக எழுத வரும்போது, க்யூஎமு அந்த எழுத்தை நிறுத்திவைத்து, பழைய பிளாக்கைப் படித்து பேக்கப் இலக்குக்கு அனுப்பி, அது போய்ச் சேர்ந்த பிறகே விஎம்மை எழுத விடுகிறது. அதாவது பேக்கப் எழுதப்படும் இடம் எவ்வளவு மெதுவோ, உங்கள் டேட்டாபேஸின் கமிட்டும் (மாற்றத்தை நிலையாக எழுதி முடிப்பதும்) அந்த நேரத்தில் அவ்வளவு மெது. இலக்கு தொலைவில், மெதுவான இணைப்புக்கு அப்பால் இருந்தால் விஎம் உறைந்து நின்றுவிடுவதும் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8.2 பதிப்பில் இதற்கு ஃப்ளீசிங் என்ற வசதியைச் சேர்த்தார்கள். அதை இயக்கினால் பழைய பிளாக் இலக்குக்குப் போகாமல், ஹோஸ்டிலேயே உள்ள வேகமான வட்டில் ஒரு தற்காலிக இமேஜுக்குப் போகும். விஎம் அதற்கு மட்டும் காத்திருந்தால் போதும். அந்த இமேஜ் மிக மோசமான நிலையில் மூல வட்டின் அளவுக்கே வளரக்கூடும் என்பதால், தேவைக்கேற்ப மட்டும் இடம் எடுக்கும் சேமிப்பகத்தை, டிஸ்கார்டு (பயன்படாத இடத்தைத் திருப்பித் தருதல்) ஆதரவுடன் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஓர் எஸ்எஸ்டி இருந்தால், நாஸ் பக்கம் எதையும் தொடாமல் டேட்டாபேஸ் விஎம்மின் திணறலைக் கணிசமாகக் குறைக்கலாம். முழுவதும் நீங்காது, பழைய பிளாக்கை அந்த நெரிசலான நாஸிலிருந்துதான் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்ததாக, தினமும் 2 டிபியையும் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 40 விஎம்களில் ஒரு நாளில் உண்மையில் மாறுவது பெரும்பாலும் மொத்தத்தில் ஒரு சிறு பங்கே. 2020 நவம்பரில் முதல் பதிப்பு வெளிவந்த பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை அந்தத் தனிப் பெட்டியில் நிறுவினால், க்யூஎமு ஒவ்வொரு வட்டுக்கும் எந்தெந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பை வைத்துக்கொண்டு, அடுத்த முறை மாறியதை மட்டும் படித்து அனுப்பும். மணிக்கணக்கில் ஓடிய விஎம் நிமிடக்கணக்கில் முடிவது இதனால்தான். இதற்கு எல்லைகளும் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். அந்தக் குறிப்பு க்யூஎமு செயலியின் நினைவகத்தில் இருப்பது. விஎம்மை முழுதாக அணைத்துத் திரும்பத் தொடங்கினால் அது தொலைந்துவிடும், அன்றிரவு வட்டு முழுவதையும் மீண்டும் படிக்க நேரும். சர்வரில் ஏற்கெனவே உள்ள துண்டுகள் திரும்ப அனுப்பப்படாது என்றாலும், உங்கள் நிலையில் செலவு அதிகமாவது வாசிப்பில்தான். ஆகவே ஹோஸ்ட் அப்டேட் செய்து எல்லா விஎம்களையும் அணைத்து ஏற்றிய இரவு பேக்கப் நீண்டால் பதற வேண்டாம். இன்னொன்று: இந்தக் குறிப்பு 4 எம்ஐபி (ஏறக்குறைய 4 எம்பி) துண்டுகளின் கணக்கில் வைக்கப்படுகிறது. ஒரு துண்டுக்குள் 4 கேஐபி மாறினாலும் துண்டு முழுவதும், அதாவது 1024 மடங்கு, படிக்கப்படும். வட்டெங்கும் சிதறி எழுதும் டேட்டாபேஸ் விஎம்மில் உண்மையான மாற்றம் 2 ஜிபிதான் என்றாலும், லாகில் மாறியது 80 ஜிபி என்று வருவது பழுதல்ல, அதன் இயல்பு. விண்டோஸ் விஎம்முக்குள் வாராந்திர டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் வேலை) ஓடினாலும், டேட்டாபேஸ் டம்ப்பை (தரவு முழுவதன் ஏற்றுமதிப் பிரதியை) அதே வட்டில் தினமும் புதிய பெயரில் எழுதினாலும் இதே விளைவுதான். டம்ப் ஃபைல்களுக்கென ஒரு தனி மெய்நிகர் வட்டு கொடுத்து, அந்த வட்டை மட்டும் பேக்கப்பிலிருந்து விலக்கிவைப்பது நல்லது. டம்ப்பை வேறு வழியில் வெளியே எடுத்துச் செல்லலாம்.

அந்தப் புதிய பெட்டியில் என்ன வட்டு போடுவது என்பதிலும் சிக்கனம் பார்க்கும் எல்லை உண்டு. 2 டிபி தரவு 4 எம்ஐபி துண்டுகளாகும்போது ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம் ஃபைல்கள். சுருக்கமும் ஒரே மாதிரித் துண்டுகளும் இந்த எண்ணிக்கையையும் அளவையும் குறைக்கும், பல நாள் பேக்கப்புகள் கூட்டும். தேவையற்ற துண்டுகளைக் களையும் வேலை ஓடும்போது, பயன்பாட்டில் உள்ள ஒவ்வொரு துண்டின் அணுகல் நேரத்தையும் புதுப்பித்தே எது தேவையற்றது என்று கண்டுபிடிக்கிறது. சுழலும் வட்டில் அது மணிக்கணக்கில் ஓடும். எஸ்எஸ்டிதான் உருவாக்கியவர்களின் பரிந்துரை. அதற்குப் பணம் போதவில்லையென்றால், இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பில் சுழலும் வட்டுகளோடு ஃபைல் விவரங்களுக்கு மட்டும் இரண்டு சிறிய எஸ்எஸ்டிகளை ஒன்றுக்கொன்று பிரதியாகச் சேர்ப்பது நல்ல நடுவழி. இரண்டாக வைப்பதற்குக் காரணம், அந்தப் பகுதி போனால் தொகுதி முழுவதும் போய்விடும். பேக்கப் சர்வரை ஒரு விஎம்மாக நிறுவி, அதன் சேமிப்பகமாகப் பழைய நாஸின் என்எஃப்எஸ் ஷேரையே கொடுக்கும் குறுக்குவழி சிலருக்குத் தோன்றும். அது ஓடும். ஆனால் நீங்கள் எந்த நெரிசலிலிருந்து தப்பிக்க முயல்கிறீர்களோ அதற்குள்ளேயே திரும்பக் கொண்டுபோய் விடும்.

நெட்வொர்க்கை நான் முற்றிலும் குற்றமற்றதாக விட்டுவிடவில்லை. வட்டு நெரிசல் தீர்ந்த பிறகு கம்பிதான் அடுத்த தடையாக இருக்கும். அப்போது 10 கிகாபிட் வாங்குவது சரியான செலவு. அதற்கு முன் இருக்கிற கம்பி முழு வேகம் தருகிறதா என்பதை ஐபெர்ஃப்3 என்ற வேக அளவீட்டுக் கருவி கொண்டு இரண்டு திசைகளிலும் சோதியுங்கள். ஒரு திசையில் மட்டும் குறைவது கேபிளிலோ போர்ட்டிலோ உள்ள கோளாறைக் காட்டிக்கொடுக்கும். 9000 பைட் ஜம்போ ஃபிரேம் (வழக்கமான 1500 பைட்டை விடப் பெரிய நெட்வொர்க் பொட்டலம்) அமைத்திருந்தால், துண்டாடக் கூடாது என்ற கட்டளையுடன் 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். மீதி 28 பைட் தலைப்புகளுக்கு உரியது. வழியில் ஒரேயொரு ஸ்விட்ச் போர்ட் 1500இல் விடப்பட்டிருந்தாலும் சிறிய பிங் போகும், இது போகாது; இந்தக் கோலத்தில் என்எஃப்எஸ் நின்று நின்று ஓடும். இரண்டு கிகாபிட் போர்ட்களை, பல போர்ட்களை ஒன்றாகக் கட்டும் எல்ஏசிபி மூலம் இணைத்திருந்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்: ஒரு டிசிபி இணைப்பு எப்போதும் ஒரே கம்பியில்தான் செல்லும். லினக்ஸ் 5.3 முதல் உள்ள என்கனெக்ட் என்ற மவுண்ட் (ஷேரை ஹோஸ்டில் இணைக்கும்) விருப்பம் ஒரே என்எஃப்எஸ் மவுண்டுக்குப் பல இணைப்புகளைத் திறக்கும். 10 கிகாபிட்டுக்கு மாறிய பிறகு 4 என்று வைத்துப் பார்க்கலாம். இப்போது வைத்தால் பயன் தெரியாது.

சிறிய அமைப்புகளைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கத்துக்கு இசட்ஸ்டாண்டர்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இயல்பாக ஒரே திரெட்டில் ஓடினாலும் நொடிக்கு 46 எம்பியைச் சுலபமாகச் சமாளிக்கும், அங்கே தடை இல்லை. மெதுவான ஜிஜிப்பில் இருந்திருந்தால் முதல் சந்தேகமே அதன்மேல் போயிருக்கும். பிராக்ஸ்மாக்ஸின் பேக்கப் கருவியான விஇசட்டம்ப்பின் கான்ஃபிக் ஃபைலில் யாராவது எப்போதோ பேண்ட்வித் வரம்பு எழுதி மறந்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்; நொடிக்கு இத்தனை கேஐபி என்று ஓர் எண் அங்கே உட்கார்ந்திருந்து ஒரு வாரத்தை வீணாக்கியதை நான் கண்டிருக்கிறேன். ஐஓநைஸ் (வட்டு அணுகல் முன்னுரிமை) மதிப்பை மாற்றச் சொல்லும் அறிவுரைகள் உங்களுக்கு உதவாது: விஎம்களின் ஸ்னாப்ஷாட் முறை பேக்கப்பில் அது சுருக்கும் செயலியை மட்டுமே தொடுகிறது. விஎம்முக்குள் அழிக்கப்பட்ட ஃபைல்களின் இடம் கீழே திரும்பக் கிடைக்க, மெய்நிகர் வட்டில் டிஸ்கார்டு இயக்கப்பட்டு, உள்ளே காலியான இடத்தை அறிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை ஓட வேண்டும். என்எஃப்எஸ் வழியாக அது நாஸ் வரை போய்ச் சேர 4.2 பதிப்பு தேவை. இல்லையென்றால் எப்போதோ அழித்த தரவையும் ஒவ்வொரு இரவும் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மாலை வரை நீள்கிறது என்றீர்களே, அது எனக்கு மிகவும் பழக்கமான அடையாளம். டெபியன் லினக்ஸ் அடிப்படையிலான கருவிகளில் எம்டிஏடிஎம் என்ற மென்பொருள் ரெய்டின் மாதாந்திரச் சரிபார்ப்பு முதல் ஞாயிறு அதிகாலை ஒரு மணியளவிலும், இசட்எஃப்எஸ்ஸின் ஸ்க்ரப் என்ற சரிபார்ப்பு இரண்டாவது ஞாயிறு 12:24க்கும் தொடங்கும்படி இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கும். உங்கள் நாஸ் அந்த வகை என்றால் காரணம் அதுவாகவே இருக்கும். வேறு வகை என்றாலும் இதே போன்ற ஓர் அட்டவணை அதன் அமைப்புப் பக்கத்தில் இருக்கும். சரிபார்ப்பை நிறுத்திவிடாதீர்கள், பழுதான செக்டரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அதுதான். சனிக்கிழமை இரவு பேக்கப்பை மட்டும் சில மணி நேரம் முன்னதாகத் தொடங்குங்கள், அல்லது சரிபார்ப்பை ஞாயிறு நண்பகலுக்கு நகர்த்துங்கள்.

விஎம்வேர் என்ற இதே வகை மென்பொருளில் இதே தொல்லைப்படுபவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு பத்தி. அங்கே பேக்கப் மென்பொருள் தரவை எடுக்க மூன்று வழிகள்: சேமிப்பகத்திலிருந்து நேராகப் படிப்பது, பேக்கப் வேலையைச் செய்யும் விஎம்மில் வட்டை ஹாட்ஆட் முறையில் செருகிப் படிப்பது, ஹோஸ்டின் நெட்வொர்க் வழியாக என்பிடி முறையில் வாங்குவது. முதலிரண்டும் இயலாதபோது பெரும்பாலான மென்பொருள்கள் சத்தமில்லாமல் என்பிடிக்கு இறங்கிவிடும். வேகம் திடீரென்று விழுந்தால் முதலில் ஜாப் லாகில் எந்த வழி என்று பாருங்கள். என்எஃப்எஸ் டேட்டாஸ்டோரில் ஹாட்ஆட் பயன்படுத்தும்போது, பேக்கப் செய்யும் விஎம்மும் பேக்கப் ஆகும் விஎம்மும் வெவ்வேறு ஹோஸ்டில் இருந்தால், ஸ்னாப்ஷாட்டை நீக்கும் நேரத்தில் பல நொடிகள் விஎம் உறைந்துவிடும். ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஒரு பேக்கப் விஎம் வைப்பதோ, என்பிடிக்கே மாறுவதோ இதற்குத் தீர்வு.

நான் மேலே சொன்னதில் கணக்கின் மேல் நிற்பதையும் கணிப்பின் மேல் நிற்பதையும் பிரித்துச் சொல்வது என் கடமை. கம்பி பாதி காலி என்பது கணக்கு. க்யூஎமு விஎம்மின் எழுத்தை நிறுத்திவைப்பது அது வடிவமைக்கப்பட்ட விதம். வட்டுதான் தடை என்பது, நீங்கள் ஐயோஸ்டாட் எண்களைத் தரும் வரை, என் வலுவான கணிப்பு மட்டுமே. அதைக் கவிழ்க்கக்கூடிய ஒரு சாத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் எட்டு வட்டுகளில் சில, தடங்களை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இருந்தால், நீண்ட எழுத்தின்போது அவற்றின் வேகம் சரிந்து தொகுதி முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். நாஸுக்கென்று விற்கப்பட்ட சில வட்டுகளே அந்த வகை என்பது 2020இல் வெளியே தெரியவந்தது. வட்டின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயோஸ்டாட்டில் எட்டில் ஒன்றிரண்டு வட்டுகளுக்கு மட்டும் எழுத்துக் காத்திருப்பு மற்றவற்றை விடப் பல மடங்கு உயர்ந்து நின்றால் சந்தேகம் அவற்றின்மேல்தான். சாகும் தறுவாயில் இருக்கும் வட்டும் அப்படித்தான் காட்டும் என்பதால் வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் அளவீட்டையும் ஹோஸ்ட்களை வரிசைப்படுத்துவதையும் மட்டும் செய்வேன். ஹோஸ்ட்களில் எஸ்எஸ்டி இருந்தால் டேட்டாபேஸ் விஎம்முக்கு ஃப்ளீசிங்கும். அடுத்த செலவு தனிப் பெட்டியும் பேக்கப் சர்வரும். அது நிலைபெற்ற பிறகு, ஒரு பெரிய விஎம்மைப் பகல் நேரத்தில் வேறு விஎம் எண்ணில் மீட்டெடுத்து, கடிகாரத்தை வைத்து நேரம் பாருங்கள். பேக்கப் இருபது நிமிடத்தில் முடிந்து மீட்பு ஏழு மணி நேரம் ஆகும் அமைப்பை நான் பார்த்திருக்கிறேன். துண்டுகள் சுழலும் வட்டெங்கும் சிதறிக் கிடந்ததே காரணம். மீட்டுக்கொண்டிருக்கும்போதே விஎம்மை இயக்கிவிடும் வசதி பிராக்ஸ்மாக்ஸ் 6.4 பதிப்பு முதல் இருக்கிறது, ஆனால் அதன் வேகமும் அந்தப் பெட்டியின் வட்டைப் பொறுத்ததே. நள்ளிரவு ஒரு மணியளவில் எடுத்த ஐயோஸ்டாட் வெளியீட்டின் பத்து வரிகள், மிக மெதுவான மூன்று விஎம்களின் லாக் முடிவு, வட்டுகளின் மாடல் எண் ஆகியவற்றை இங்கேயே பதிந்தால், ஸ்விட்சா, வட்டா, தனிப் பெட்டியா என்பதை இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.